உப்பு மில் காம்ப்ளக்ஸில் எங்கள் கடை

மரக்காணம்
18.6.2006

அன்பு மகன் தேவாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கு சுகம், மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று பெருமுக்கல் மலைக்கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்தேன். போனில் நீ பேசியதிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நான் அனுப்புற பணம் போதலையா, அந்த உப்பு மில்லுலயே போய்த் திரும்ப நிக்கணுமா, அசிங்கமா இருக்குது என்றாயே. நிற்கத்தான் போகிறேன், நடந்ததைக் கேள்.

சுனாமித் தண்ணீர் புகுந்து மில் படுத்ததும் கொஞ்ச நாள் அதில் நிவாரண அரிசி அடுக்கினார்கள், பிறகு பூட்டிப் போட்டார்கள். இப்போது முதலாளி பக்தவச்சலம் அரவை மிஷினையெல்லாம் எடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவு போட்டு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் ஆக்கியிருக்கிறார். மூடும்போது, உப்பு பாக்கெட் போட்ட எங்களைப் போன்ற பாக்கிங் பெண்களுக்கு ஒரு கடை தருவதாக வாயால் சொன்னவர், அதைச் செல்போன்காரருக்குக் கொடுக்கப் போவதாகக் கேள்வி. நேரிலேயே கேட்டுவிடுவது என்று நானும் என்னோடு வேலை பார்த்த ஆராயியும் மற்ற பெண்களும் திறப்பு விழாவுக்குப் போனோம்.

உப்புக் கொட்டும் தரையில் செருப்புக் கால் படக்கூடாது என்பது மில் வழக்கம். பழக்க தோஷம், அத்தனை பேரும் வாசலிலேயே கழற்றிவிட்டோம். அதைப் பார்த்து, விழாவுக்கு வந்திருந்த கூனிமேட்டு ஊர்க்காரர்கள் கழற்ற, பின்னால் வந்தவர்களும் கழற்ற, கதவை மறைத்துச் செருப்புக் குவியல். திரும்பி வந்தவர்களுக்குத் தங்கள் செருப்பு எதுவென்று தெரியாமல் ஒரே சண்டை. எங்களால் வந்த வினை என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு நாங்களே குனிந்து ஜோடி சேர்த்துக் கொடுத்தோம். முதலாளி வந்து பார்த்துவிட்டு, நல்லா பண்றியேம்மா, மாசச் சம்பளம் தர்றேன், வாசல்ல செருப்பு பாத்துக்க என்றார். எனக்கு வந்ததே கோபம். செருப்பு காக்க வரலீங்க, நீங்க சொன்ன கடைய குடுங்க என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டேன். ஆராயி கதவுக்கு நேரே உட்கார்ந்தாள், எல்லோரும் உட்கார்ந்தோம். யாரும் உள்ளே போக முடியவில்லை. சாயங்காலம் சாவி கைக்கு வந்தது. வாடகை மற்றவர்களுக்கு உள்ளதுதான், சலுகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உப்பு, மிளகாய்த்தூள், வடகம் பாக்கெட் போட்டு விற்கிறோம். உன் பணம் போதாமல் இல்லை கண்ணு, எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. அசிங்கம் என்று இனி சொல்லாதே, வலிக்கிறது. முதலில் முணுமுணுத்த அப்பாவே நேற்று ஏணி போட்டு போர்டு மாட்டினார்.

எண்ணெய் தேய்த்துக் குளி, வேளைக்குச் சாப்பிடு. ஈஸ்வரன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். லீவு கிடைத்ததும் எழுது. வந்து இறங்கினால் பகலில் வீட்டுக்குப் போகாதே, பூட்டியிருக்கும். நேரே கடைக்கு வா.

இப்படிக்கு
உன் அம்மா,
கடைக்காரி சுலோசனா