அத்தை நேர்ந்த கை

அன்பு மகள் ஜெர்லினுக்கு அம்மா ரோசம்மாள் எழுதுவது. நீயும் மருமகனும் குட்டியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பா சுகம், என் இடது கை சுகம். வலது கைக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். தினமும் கொஞ்ச நேரம் பேனா பிடித்து எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருக்கிறார்கள், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டு ஜாய்சி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறதென்று வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்களே, அதில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி கை மரத்துப்போய் உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் அன்றோடு நின்றது. கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கனம் மட்டும் தூக்கக் கூடாது என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார், நீயும் வீடியோவில் அதையேதான் சொன்னாய். மறுநாள் உன் சலேத் அத்தை வந்தாள். தம்பி பெண்டாட்டிக்கு ஆபரேஷன் என்றதும் அந்தோணியார் கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். பதின்மூன்று செவ்வாய் முடியும்வரை ரோசா கை ஒரு வேலையும் தொடாது, கடைசிச் செவ்வாய்க்கு வெள்ளியில் கை செய்து கொண்டுவந்து வைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு வந்து நிற்கிறாள். என் கையை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். ஏட்டி ரோசா, புனிதர்கிட்ட குடுத்த வாக்கு, விரலக்கூட அசைக்காத என்றாள். உன் அப்பாவுக்கு அக்காள் சொன்னால் அப்பீல் உண்டா. காலையில் துண்டை எடுத்து என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார், சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவார், ஜெபமாலை உருட்டக்கூட விடவில்லை, அதுவும் வேலைதானாம். தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் என்னைக் கேட்டால் இவர் முந்திக்கொண்டு, நல்லா அசைக்கா டாக்டர் என்கிறார்.

நான் ஏன் அடங்கிக் கிடந்தேன் என்று நீ கேட்க முடியாது ஜெர்லின். நான் உன்னைத்தான் கூப்பிட்டேன். விரல் விறைத்துக்கொண்டு வருது, என்ன செய்ய என்று கேட்டேன். அதற்கு முன்னால் அத்தை உன்னிடம் பேசிவிட்டாள் போலிருக்கிறது. அத்த சொல்லுதபடி இரும்மா, ஓய்வு நல்லதுதான, அவ மனசு நோவக் கூடாது என்றாய். அங்கே தினமும் எத்தனை பேருக்கு எழுந்திரு, நட, அசை என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறாய், பெற்றவளுக்கு மட்டும் வாய் வரவில்லையா. நீ சின்னவளாக இருந்தபோது, நான் விடியுமுன் மீன் சந்தைக்குப் போய்விட, உன்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினது சலேத் மைனிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த நன்றிக்கு உன் கையைக் கொடு, என் கையை ஏன் கொடுத்தாய்.

பத்தாவது செவ்வாயும் போன பிறகு, கை மூடவே இல்லை என்று நானே பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்குப் போனேன், அப்பா பின்னாலேயே ஓடி வந்தார். விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற சபீதா என்ற பெண் என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத யாரும்மா கட்டிப் போட்டது, வீட்டுல விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்லையா என்று கேட்டாள். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்க மவ அயர்லாந்துல நர்சு என்றார். எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. கை திரும்ப வரும், நாளாகும், வலிக்கும், ஆனால் விட்டுவிடக் கூடாது என்றாள் சபீதா. முழுப் பிடி வருமா என்று கேட்டதற்குப் பார்ப்போம் என்றுதான் சொன்னாள். அந்தப் பார்ப்போம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அருவாமனை முன்னால் உட்கார்ந்து ஒரு சீலா மீனை வாலைப் பிடித்து நிறுத்தித் துண்டு போட இந்தக் கையில் பிடி வேண்டும். என் இடத்தில் இப்போது இசக்கித்தாய் உட்கார்ந்து மீன் வெட்டுகிறாள். நீ வாறமட்டும்தாம்க்கா என்கிறாள், நல்லவள்தான், ஆனால் என்னிடம் வெட்டக் கொடுத்தவர்கள் அவளிடம் பழகிவிட்டால் அவள் எழுந்தாலும் அவர்கள் எழ மாட்டார்கள்.

இப்போது வெந்நீரில் கையை வைத்து, தழும்பில் எண்ணெய் தேய்த்து, ஒரு ஸ்பாஞ்சைப் பிடித்துப் பிடித்து விடுகிறேன். போன வாரம் அத்தை அதைப் பார்த்துவிட்டாள். அந்தோணியாரயே ஏமாத்துதியா என்று அழுதுவிட்டுப் போனவள் நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தெருமுனையில் அவள் தலை தெரிந்தாலே உன் அப்பா ஸ்பாஞ்சை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறார். அடுத்தவர் உடம்பை வைத்து நேர யாருக்கும் உரிமை கிடையாது என்று பங்குச் சாமியார் சொன்னதும் அவள் காதில் ஏறவில்லை. நான் சொன்னால் நாத்தனார் சண்டை, அப்பாவுக்கு வாயே கிடையாது. நீ சொன்னால்தான் கேட்பாள். நாளைக்கே அவளுக்குப் போன் போடு, அத்தை வளர்த்த பிள்ளையாகப் பேசாதே, நர்ஸாகப் பேசு. நீ பேசாமல் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

ராத்திரி டியூட்டிக்குச் சாப்பிடாமல் ஓடாதே, குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடு, மருமகனைக் கேட்டதாகச் சொல். தேவன் உங்கள் மூன்று பேரையும் காப்பார். வழக்கம்போல உன் போட்டோவில் நெற்றியில் சிலுவை போட்டு முடிக்கலாம் என்று பெருவிரலை நீட்டி மற்ற விரல்களை மடக்கினேன், பாதிதான் மடங்கின. இப்போதைக்கு அந்தப் பாதி ஆசீர்வாதத்தை வைத்துக்கொள், மீதி வேண்டுமென்றால் அத்தையிடம் பேசு.

கோபம் தீராத உன் அம்மா,
ஜே. ரோசம்மாள்