பச்சைப் பொத்தானா, சிவப்புப் பொத்தானா

மே 4, செவ்வாய்

கத்திரி இன்று ஆரம்பம். காலையிலேயே ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறது. இந்த வெயிலில் டியூப் எல்லாம் தானாக வாய் திறக்கும். பஞ்சர் கடைக்கு இதுதான் அறுவடைக் காலம். சித்தையன்கோட்டை மினி பஸ் வந்து நின்றது. பின் டயர். பசை காய்வதற்குள் டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார், பஸ்சை நான் கடத்திக்கொண்டு வந்த மாதிரி.

மத்தியானம் டி.வி.யைப் போட்டால் திரை முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தமிழே பஸ் போர்டு பார்த்துப் படித்ததுதான். முதலில் படித்த வார்த்தை குஜிலியம்பாறை. எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பஸ் அது. அவ்வளவு நீளமான பெயரைப் படித்த பிறகு மற்ற ஊரெல்லாம் சுலபம். பழனி என்பது மூன்றே எழுத்து. சரி, அது கிடக்கட்டும்.

இங்கிலீஷுக்குக் கீழே ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். டிஷ் மாட்டிக்கொடுத்த முத்துவுக்குப் போன்.

"பெட்டிக்குப் புது சாப்ட்வேர் வந்திருக்குண்ணே. பச்சை அமுக்குனா ஏறிக்கிரும். சிவப்பு அமுக்குனா அப்புறமா கேக்கும்."

"ஏத்துனா உள்ள ரெக்கார்டு பண்ணி வச்சதெல்லாம் என்னாகும்?"

"சில வீட்ல அப்படியே இருக்கு. சில வீட்ல சுத்தமா தொடச்சிருச்சு. உங்க ராசிண்ணே."

சிவப்பை அமுக்கினேன்.

ர. பாய் (ரஷீத் பாய், தோல் மண்டியில் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர், இந்தப் பெட்டியில் பாதிக்குச் சொந்தக்காரர்) மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தார். சொன்னேன்.

"போட்டுருவோம்டா. இப்பவே பெட்டி செத்த நேரம் ஓடுது, செத்த நேரம் நிக்குது."

"தொடச்சிருச்சுன்னா கௌரி கதை போயிரும் பாய்."

"ஆமால்ல" என்றார். அப்புறம் கண்ணுக்கு மருந்து விடச் சொல்லித் தலையை நிமிர்த்தினார். விட்டேன்.

கௌரி கதை: பிள்ளையைத் தொலைத்த அம்மா, ஊர் ஊராகத் தேடுகிறாள். வெளியே சீரியலைக் கேலி பேசுகிற ரெண்டு ஆம்பளைகள், மத்தியானம் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறோம். கேட்டால் மல்யுத்தம் பார்ப்பதாகச் சொல்வோம். எதிர் டீக்கடை பழனியம்மா நம்புவதில்லை. "மல்யுத்தத்துல யாருண்ணே அம்மான்னு அழுகுறது?"

பாய்க்குக் கண் ஆபரேஷன் ஆனபோது கதை பாதியில் நின்றது. அவர் இல்லாமல் நான் பார்க்கவில்லை. பெட்டி மட்டும் பிடித்துப் பிடித்து வைத்தது. அதற்குள் டி.வி.யில் கதையே முடிந்துவிட்டது. ஊருக்கே முடிவு தெரியும். நான் முடி வெட்டப் போகிற கடையில் அதே பேச்சு என்று இன்னும் முடி வெட்டவில்லை. கழுத்தில் புரள்கிறது. டீக்கடையில் கௌரி என்று யாராவது ஆரம்பித்தால் கிளாஸோடு எழுந்து வந்துவிடுவேன். இப்போது டாக்டர் பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு பாகம் போதும் என்றிருக்கிறார். அதன்படி ஒன்று ஒன்றாக.

பிள்ளை கிடைக்கும் என்பது என் கட்சி. கிடைக்காது என்பது பாய் கட்சி. இதற்கே தினமும் சண்டை.

மே 6, வியாழன்

மழை வருகிற மாதிரி இருட்டி, ஏமாற்றிவிட்டுப் போனது.

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

இன்றைய பாகத்தில் கோர்ட்டு வாசல். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் தூண் ஓரமாக நிற்கிறான். வாயைத் திறக்கவில்லை.

பாய் கேட்டார், "யாருடா இவன்?"

"எனக்கெப்படித் தெரியும். புதுசா வாரான்."

அந்த ஆள் தொண்டையைக் கனைத்து, "அம்மா, உங்க கேஸை நான் எடுத்துக்கிறேன்" என்றான். கரகரத்த குரல்.

பாய் தொடையில் தட்டினார். "அட, இவனா."

டி.வி.யை நிறுத்தினேன்.

"பாய், இவனான்னா எவன்?"

"வக்கீலு."

"இன்னிக்குத்தானே வந்திருக்கான். அவன் குரலு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"சவரி, கண்ணைத்தான்டா கட்டியிருந்தாங்க. காதைக் கட்டலையே."

விஷயம் இதுதான். ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்துக் கிடந்தபோது, அவர் மருமகள் பக்கத்து அறையில் தினமும் கௌரி கதை பார்த்திருக்கிறாள். இவர் படுத்தபடியே கேட்டிருக்கிறார். அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான், தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்து என்ன ஆகுமோ" என்று எனக்குச் சமமாகக் கவலைப்பட்டார். போன வாரம் கௌரிக்கு அம்மை போட்டபோது உச்சுக்கொட்டினார். அதுவும் முன்பே தெரிந்து கொட்டிய உச்சுதான்.

"சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"மருமகப் பொண்ணுகிட்ட மாமனாரு அப்படிச் சொல்ல முடியுமாடா?"

"காதுல பஞ்சு வச்சிருக்கலாம்."

பாய் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார்.

"அப்ப முடிவும் தெரியும்."

"அது மட்டும் தெரியாது. கடைசி வாரம் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சத்தியமா தெரியாதுடா. முடிவை உன்கூடத்தான் பாக்கணும்."

டீ வந்தது. நான் குடிக்கவில்லை. பாய் இரண்டு கிளாஸையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய்விட்டார்.

என் கழுத்து முடியைத் தொட்டுப் பார்த்தேன். யாருக்காக.

மே 7, வெள்ளி

ஷட்டரை இறக்கவில்லை. டி.வி. போடவில்லை. லாரி டயர் ஒன்று. சம்மட்டி அடி எல்லாம் இன்று கொஞ்சம் ஓங்கித்தான் விழுந்தது.

ஜும்மா தொழுகை முடிந்து பாய் வந்தார். கையில் பனையோலையில் நுங்கு. தோண்டித் தோண்டி என் பக்கம் வைத்தார். அவர் வேட்டியெல்லாம் கறை.

பழனியம்மா ரோட்டைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, மல்யுத்தத்துல இன்னிக்கு ரெண்டு பேரும் நிசமாவே இறங்கிட்டீகளா?"

சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு முதலில். அதுதான் என் கெட்ட குணம்.

"முடிவு தெரியாதுல்ல?" என்று மட்டும் இன்னொரு முறை கேட்டேன்.

"தெரியாதுடா அப்பு."

நுங்கு நல்ல இளசு.

மே 9, ஞாயிறு

நெய்க்காரப்பட்டி. தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. அந்தப் பக்கம் மரியாதை வேறு மாதிரி. என்னைவிட மூத்தவர் ஒருவர், "ஏனுங்க, சாப்டீங்களா, இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா" என்று கேட்டுக் கேட்டே வயிற்றை நிறைத்துவிட்டார். குழந்தை காது குத்தும்போது அழவில்லை, மொட்டை போட்டதற்குத்தான் அழுதது. முடி மேல் பிள்ளைகளுக்கு இருக்கிற பாசம்.

சமையல்கட்டுப் பக்கம் பெண்கள் கௌரி கதை பேசினார்கள். காதைப் பொத்திக்கொண்டு மாட்டுத் தொழுவம் பக்கம் போனேன். தங்கச்சி, "அண்ணனுக்குக் காது வலியா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெற்றிலையைச் சூடுகாட்டிப் பிழிந்து காதில் ஊற்றிவிட்டாள். நல்ல காதில்.

கடை பூட்டு. சாவி பாயிடம் ஒன்று எப்போதும் உண்டு. பெட்டி பாதி அவருடையது, சாவி இல்லாமல் எப்படி. "பாத்துக்குங்க பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மே 10, திங்கள்

காது இன்னும் எரிகிறது. வெயில் அதைவிட.

பெட்டி மக்கர். பாதியில் கௌரி வாயைத் திறந்தபடி நின்றாள். ரிமோட்டைத் தட்டினால் ஒரு அடி நகர்வாள், நிற்பாள். பாகம் முடிய வெகு நேரம்.

ஆனால் மனதுக்கு நல்ல நாள். இன்றும் வழக்கம்போல நான், "பிள்ளை கிடைச்சிரும் பாய், பாருங்க" என்றேன். வழக்கம்போல சண்டைக்கு வருவார் என்று பார்த்தால்,

"எனக்கும் அப்படித்தான்டா தோணுது" என்றார்.

"நெசமாவா?"

"ம். கிடைக்கும்னுதான் தோணுது."

இத்தனை நாள் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத மனிதர். வியாழக்கிழமை விஷயத்துக்குப் பரிகாரமாக விட்டுக்கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் பழனியம்மாவிடம் வடையும் சொன்னேன்.

மே 11, செவ்வாய்

முத்து நேரில் வந்தான். பெட்டியின் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"புதுசு ஏத்தலைன்னா இது இப்படித்தாண்ணே முக்கிக்கிட்டுக் கிடக்கும்."

"புதுசுல அப்படி என்ன இருக்கு?"

"தேடுறது சுலபம். எழுத்துப் பெருசு. அப்புறம் இன்னொண்ணு, நீங்க எதை எம்புட்டுப் பாத்திருக்கீங்கன்னு ஒவ்வொண்ணுக்குக் கீழயும் மஞ்சள் கோடு காட்டும். முழுசாப் பாத்தா முழுக் கோடு. பாதி பாத்தா பாதி."

"இனிமே பாக்குறதுக்கா?" இது பாய்.

"பழசுக்கும் காட்டும் பாய். பெட்டிக்குள்ள எல்லாம் பதிஞ்சுதான் இருக்கு. பழைய சாப்ட்வேர் அதை வெளிய சொல்லல, அம்புட்டுதான்."

பாய் டீயைக் கீழே வைத்தார்.

"வேணாம்டா சவரி. இருக்கிறதே போதும்."

"நீங்கதானே பாய் போட்டுருவோம்னு சொன்னீங்க."

"தொடச்சிருச்சுன்னா? நீ இத்தனை நாள் காத்திருந்தது வீணாப் போயிரும்ல. வேணாம்."

நான் காத்திருந்ததை அவர் மறக்கவில்லை. முத்துவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் போகும்போது, "ரெண்டு பெருசுங்களும் ஒரு பெட்டிக்கு இப்படிப் பயப்படுறீங்களே" என்றான். பயம்தான். போனால் வராது.

மே 13, வியாழன்

நேற்றிலிருந்து பெட்டி ஒரேயடியாகக் கிடந்தது. எந்தப் பொத்தானுக்கும் அசைவில்லை. மெயினை அணைத்துப் போட்டால் அதே இங்கிலீஷ், அதே பச்சை, அதே சிவப்பு. சிவப்பை அமுக்கினால் மறுபடி அதே. முத்துவுக்குப் போன். "இனி வேற வழி இல்லண்ணே. பச்சைதான்."

பாய் வருவதற்குள் சரியாகி இருந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு பச்சையை அமுக்கினேன்.

திரை கறுப்பு. பெட்டியில் சின்ன விளக்கு விட்டு விட்டு. வெளியே ஒருவர் சைக்கிளோடு நின்று, "அண்ணே காத்து" என்று கூப்பிட்டார். அடித்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணை எடுக்க முடியவில்லை.

வந்தது. எல்லாம் இருந்தது. ஒன்றும் போகவில்லை. கௌரி, கௌரி, கௌரி என்று வரிசையாக. எழுத்துப் பெரிசு, முத்து சொன்ன மாதிரி. நாங்கள் பார்த்தவற்றுக்குக் கீழே மஞ்சள் கோடு. கடைசியாகப் பார்த்த பாகம் வரைக்கும் கோடு. அதற்குப் பிறகு கோடு இல்லை. கீழே இறங்கிக்கொண்டே போனேன், எவ்வளவு பாக்கி இருக்கிறது என்கிற ஆசையில்.

கடைசிப் பாகத்துக்கு முழுக் கோடு.

அழுக்கோ என்று திரையைத் துண்டால் துடைத்தேன்.

பாய் வந்தார். லுஹர் தொழுத தொப்பியோடு.

"ஞாயித்துக்கிழமை கடைக்கு வந்தீங்களா பாய்?"

"பூட்டுச் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன். ஏன்?"

டி.வி.யை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஆபரேஷன் பண்ணின கண் நன்றாகத்தான் தெரிகிறது அவருக்கு. உடனே பார்த்துவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். லாரி டயர் மேல் வைத்தார்.

"முடிவையாவது முதல்ல மூஞ்சி பாத்துத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சுடா. குரலாவே கேட்டுக் கேட்டு..."

"வீட்டுக்குப் போங்க பாய்."

போனார். ரோட்டில் வண்டி பார்க்காமல் தாண்டினார். எழுந்து கூப்பிடப் போய், உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. எனக்கும் அப்படித்தான்டா தோணுது. நான் வடை வாங்கிக் கொடுத்தேனே.

அப்போ பிள்ளை கிடைத்துவிடுகிறது.

பழனியம்மா டீயோடு வந்தாள். இரண்டு கிளாஸ்.

"பாயி எங்கண்ணே?"

"வர மாட்டாரு."

"அப்ப இது ஒண்ணைத் திருப்பி எடுத்துட்டுப் போகவா?"

"வச்சிட்டுப் போம்மா."

ரெண்டையும் நானே குடித்தேன். ரெண்டாவது ஆறிப்போய், சீனி இல்லாமல் இருந்தது. பாய்க்கு அப்படித்தான் போடுவாள்.