குளத்துக்கு விட்ட காலி இடம்

17 பிப்ரவரி 1985, ஞாயிறு

நெய்வேலியிலிருந்து ரஷ்ய என்ஜினியர்கள் குடும்பத்தோடு எங்கள் ஊர்க் கோட்டை பார்க்க வந்து போனார்கள். வரவேற்பு எங்கள் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் பொறுப்பு. ஹெட்கிளார்க் ஆங்கிலத்தில் உரை எழுதினார். தபாலில் மூன்று வருஷம் ரஷ்யன் படித்தவள் என்பதால் மொழிபெயர்த்துப் படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"டேங்க்" என்று எழுதியிருந்தார். கோட்டைக்குள் இருக்கும் குளத்தைத்தான் சொல்கிறார். என் அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பட்டாள வண்டி இருந்தது, பெட்ரோல் தொட்டி இருந்தது, குளம் இல்லை. தெரியாத சொல்லுக்கு நான் இடம் விட்டுத்தான் எழுதுவேன். இதற்கும் விட்டேன்.

குளக்கரையில் நின்று படிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தினேன். முன்னால் நின்ற ஒரு ரஷ்ய அம்மாளிடம் தண்ணீரைக் காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன். "ப்ருத்" என்றார். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டு மேலே படித்தேன்.

பஸ் கிளம்பியதும் ஹெட்கிளார்க் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, வந்தவங்க கிட்டயே வார்த்தை கேக்கறே? ஆபீஸ் மானமே போச்சி. எதனா ஒண்ண எழுதி வுட்டிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்களுக்குத் தெரியும் சார்."

நாளைக் காலை மன்னிப்புக் கடிதம் அவர் மேஜையில் இருக்க வேண்டுமாம். இப்போதே எழுதி முடித்துவிட்டேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். வேண்டுமானால் அவரே நிரப்பிக்கொள்ளட்டும்.