இரண்டு மாத்திரை

ஜனவரி 5

காலையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. துணிக் கொடி இரண்டு முறை அறுந்தது. வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசை நகரவே இல்லையாம்.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். ஒன்று விடாமல். ஹோம் நர்ஸ் என்று ஒருத்தி வந்து இறங்கிய அன்றே, இது நல்லதில் முடியாது என்று பக்கத்து மளிகைக் கடையில் நின்று அறிவித்தேன். கேட்டது நாலு பேர். சரி, கடைக்காரராவது கேட்டார்.

இன்று அக்கா கண் திறக்கவில்லை. பக்கவாதத்தில் வலது கை கால் போன பிறகும் என்னைக் கண்டால் ஒரு முறைப்பு முறைப்பாள். இன்று அதுவும் இல்லை. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது.

நர்ஸ் பெயர் செல்வி. மூணாறு எஸ்டேட்காரி, ஏஜென்சி அனுப்பியது. சர்டிபிகேட்டை லேமினேட் செய்து கொண்டுவந்தாள். ஏழாம் வகுப்போடு நின்றாலும் எனக்குத் தெரியும், நிஜமான காகிதத்துக்கு லேமினேஷன் எதற்கு? பாதி நேரம் போன். நகம் வெட்டுவதில்லை. கையுறை ஒரே ஜோடி, கழுவிக் கழுவிக் கொடியில் தொங்கும்.

"அக்கா என்னத்துக்கு இப்புடித் தூங்குது?"

"நேத்துலேருந்தே மந்தமாத்தான் இருக்காவ பாய். சபீனா அக்காகிட்ட போன்ல சொல்லிட்டேன். ஒங்ககிட்ட சொன்னா ஊருக்கே தண்டோரா போடுவீய."

திமிர்.

ஜனவரி 6

அக்கா மகள் சபீனா, கோவைக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். சனி ஞாயிறு மட்டும் வருகிறவள். படுத்த நோயாளிகளை வீடு வீடாகப் பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டரும் வந்தார், மலையாளத்து அம்மா. டீ வேண்டாம் என்றுவிட்டார்.

சிஸ்டர் கேட்டவை: புரட்டிப் படுக்க வைக்கிறீர்களா. உட்கார வைத்துத்தான் ஊட்டுகிறீர்களா. வலிப்பு மாத்திரை கொடுக்கும்போது யார் நின்று பார்ப்பது.

கடைசிக் கேள்வி என்னைக் குறித்து. ஏஜென்சி விதி அது: நர்ஸ் மாத்திரை கொடுக்கையில் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சபீனா என்னைத்தான் நியமித்திருந்தாள். கடையில் நான் இதை சூப்பர்வைசர் வேலை என்று சொல்லிவருகிறேன்.

"மாமு, நீங்க பக்கத்துல நின்னீங்கதானுங்க?"

"பின்னே? தெனமும். ரெண்டு வேளையும்."

"எத்தன குடுத்தாங்க?"

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ரெண்டு. ஒண்ணு குடுக்கற எடத்துல ரெண்டு. எங்கண்ணால பாத்தேன். தூங்க வெச்சாத்தானே போன் பேச முடியும்!"

சிஸ்டர் நிமிர்ந்தார். "ரெண்டெண்ணமோ? ஒறப்பாணோ இக்கா?"

"ஒறப்பு," என்றேன், நிச்சயம் என்பதை அவர் பாஷையிலேயே. கோர்ட்டில் சொன்னது போல விழுந்தது.

செல்வி கத்தினாள். "பாய், நாக்கூசாம சொல்லுதீயளே! ஒத்த மாத்திரதான் குடுத்தேன். நீங்க ஒருநாளாச்சும் அந்த ரூம்புல நின்னியளா?"

மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார் சிஸ்டர். அட்டை ஏது? மாத்திரை எல்லாவற்றையும் பிரித்துக் காலித் தேன் பாட்டிலில் கொட்டிவைத்தவன் நான். வசதிக்காக. பழைய மிச்சமும் அதற்குள்தான்.

ஜனவரி 7

ஏஜென்சி வண்டி வந்தது. செல்வி போனாள். அழவில்லை. வாசலில் சபீனாவிடம், "படுக்கப்போட்டு எதையும் ஊத்தாதிய. மாத்திரைய மட்டும் விட்டுராதிய." என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் போனில் சொன்னது: இரண்டு கொடுத்திருந்தால் இந்த மயக்கம் அதனால்தான் இருக்கும். மாத்திரையை நிறுத்துங்கள், தெளிகிறாரா பார்ப்போம்.

கடையில் நல்ல கூட்டம். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்ததாகவும் மாத்திரை தெறித்து விழுந்ததாகவும் சொன்னேன்.

"ஏனுங்க பாய், போலீசுல சொல்லீரலாமுங்களே?"

"மன்னிச்சு உட்டுட்டேன். மேல இருக்கறவன் பாத்துக்குவான்."

கடைக்காரர் பன் கொடுத்தார்.

ஜனவரி 9

காற்று விடவில்லை. புது ஆள் நாளைக்காம். அதுவரை சபீனாவும் நானும்.

வாங்க: நொய்யரிசி, டெட்டால், சபீனாவுக்குத் தலைவலித் தைலம்.

மாத்திரை நிறுத்தியும் அக்கா தெளியவில்லை. உடம்பு சுடுகிறது. இருமும்போது நெஞ்சில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். மத்தியானம் உதட்டோரம் துடித்தது. ஈ என்று நினைத்து ஊதினேன். ஈ இல்லை.

சபீனா சமையற்கட்டில் இருந்தாள். சொல்லவில்லை. பயப்படுவாள்.

மறுபடி துடித்தது. இந்தத் தடவை கண்ணிமை வரை.

ஜனவரி 10

பாலக்காடு. ஆஸ்பத்திரி வராந்தா.

காலையில் வலிப்பு. நிற்கவே இல்லை. கட்டில் சுவரில் இடித்த சத்தம் கடை வரைக்கும் கேட்டதாம், இது நான் சேர்த்ததல்ல, கடைக்காரரே ஓடிவந்தார். ஆம்புலன்சில் அக்காவின் செருப்பையும் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

சபீனா வெளியே வந்தாள். முக்காடு நழுவியிருந்தது.

"மாமு, டாக்டர் மறுபடியும் கேக்கறாருங்க. நெசமாலுமே ரெண்டா? அதை வெச்சுத்தான் இப்ப மருந்து போடணுமாம்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டுதான் கண்ணு," என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ரெண்டு என்பது என் வாயில் வந்த எண். அந்த அறையில் நான் ஒரு நாளும் நின்றதில்லை. செல்வி எத்தனை கொடுத்தாள், கொடுத்தாளா என்பதே எனக்குத் தெரியாது.