சமையல் குறிப்பு என்று நான் சொன்ன கதை

அம்மா,

நான் உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றை ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்ப இன்று காலை தபால் நிலையம் போயிருந்தேன். அஞ்சல்தலை ஒட்ட இன்றும் அங்கே ஒரு கிண்ணத்தில் பசையும் தூரிகையும் வைத்திருக்கிறார்கள். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் வியட்நாமில், சைகோன் தபால் நிலையத்தில் நாம் நின்ற நாள் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். எண் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே:

1. நீங்கள் எப்படிக் கதை எழுதத் தொடங்கினீர்கள் என்பது.

2. அந்தச் சைகோன் தபால் நிலையத்தில் நான் என்ன சொன்னேன் என்பது.

3. நான் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை என்பது. இத்தனை ஆண்டுகளாக எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் இது.

முதலாவது. நாம் அப்போது வாழ்ந்த சைகோனுக்குத் தமிழ் வார இதழ்கள் கப்பலில் கட்டுக்கட்டாக வரும். நடுவில் இரண்டு மூன்று இதழ்கள் இருக்காது. போர்க்காலம், யாரைக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் காரைக்கால் பெண்கள் நம் கூடத்தில் கூடுவார்கள். தொடர்கதையை நீங்கள் வாசிப்பீர்கள். ஒருமுறை கதாநாயகி கையில் பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள், 'தொடரும்' என்று முடிந்துவிட்டது. அடுத்து நம்மிடம் இருந்த இதழில் அவள் மாமியார் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

“என்னக்கா இது, நடுவுல கல்யாணமே ஆயிடுச்சா? நம்மள ஒரு வார்த்த கூப்பிடலியே!” என்றார் பக்கத்து வீட்டு மதலேன் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

“இரு மதலேன், இங்கதான் இருக்கு,” என்று பழைய இதழையே மறுபடி விரித்து வாசித்தீர்கள். ஒரு மாமியார் ரயிலடிக்கு வந்தாள். மருமகளாகப் போகிறவளின் பெட்டியைத் தூக்கி எடை பார்த்தாள். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு தலைவலித் தைல விளம்பரம்.

அதன் பிறகு விட்டுப்போன அத்தியாயங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டீர்கள். அப்பாவின் அலுவலகத்தில் கழித்த தாள்கள். ஒரு பக்கம் பிரெஞ்சுத் தட்டச்சு, மறுபக்கம் உங்கள் பென்சில். உலை கொதிக்கும்போது அரிசிப் பெட்டி மூடியின்மேல் தாளை வைத்து, நின்றபடியே எழுதுவீர்கள். “அடுத்தவர் கதைக்கு ஒட்டுப் போடுறீங்களா?” என்று நான் கேலி செய்தேன். பிரெஞ்சு இலக்கியம் படித்தவன் அல்லவா.

பின்னால் ஒரு கப்பலில், விட்டுப்போன இதழ்கள் நிஜமாகவே வந்து சேர்ந்தன. உங்கள் முகம் வெளிறிப்போயிற்று. ஆனாலும் மறைக்காமல் வாசித்தீர்கள். பாதியிலேயே மதலேன் அக்கா கையை ஆட்டினார். “போதும்க்கா. இந்தப் பத்திரிகக்காரரு எழுதுன மாமியா வாயத் தொறக்கவே மாட்டேங்கிறா. ஒங்க மாமியாருக்கு என்னா வாயி! அவளையே படிங்க.” அது உங்கள் எழுத்து என்று அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அன்று மாலை என்னிடம் வந்து, “எனக்குன்னு ஒண்ணு எழுதிப் பாக்கட்டுமா தம்பி?” என்று கேட்டீர்கள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “எழுதுங்களேன்,” என்றேன்.

இரண்டாவது. சைகோனை ஒட்டிய சோலோன் சந்தையில் துணி விற்கும் ஒரு விதவையின் கதை. அந்த மழைக்காலம் முழுவதும் எழுதினீர்கள். இருபது பக்கத்துக்கு மேல் இருக்கும். சரியான எண்ணிக்கை எனக்கு நினைவில்லை. சென்னையிலுள்ள வார இதழுக்கு அதை அனுப்பும் நாளில், பெரிய பூசைக்கு மட்டும் கட்டும் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு தபால் நிலையத்துக்கு வந்தீர்கள்.

வெளிநாடு போகும் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் காலம் அது. அதிகாரி ஒரு தாளை எடுத்தார். ஒரு பக்கம் பிரெஞ்சுக் கணக்கு, மறுபக்கம் அவருக்குத் தெரியாத எழுத்து. யார் எழுதியது, என்ன இது என்று வியட்நாமிய மொழியில் என்னைக் கேட்டார். என் குடியிருப்பு அட்டையை அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. என் தாய் ஓர் எழுத்தாளர் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியும் வரும் என்று பயந்தேன்.

“என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது ஐயா. ஊரில் இருக்கும் தங்கைக்குச் சமையல் குறிப்பு. இவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது,” என்றேன்.

“இத்தனை பக்கமும் கறிக் குழம்பா?” என்று அவர் தாள்களை உயர்த்திக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் பசைத் தூரிகையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தீர்கள். அவர் முத்திரை குத்திவிட்டார்.

கதை அச்சில் வந்தது. கூடத்தில் வாசித்தபோது பெண்கள் அழுதார்கள். “ஒங்கம்மாவப் பாத்தியா!” என்று மதலேன் அக்கா என் முதுகில் தட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகும் எழுதினீர்கள், எட்டோ ஒன்பதோ. ஒருமுறைகூட என்னைத் தபால் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை. மதலேன் அக்காவோடு போனீர்கள். எனக்குத் தேர்வு இருந்ததால்தான் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதை எழுத முடியாமல் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் வேகமாகப் பேசினேன், அதுவும் அந்த ஊர் மொழியில். நீங்களோ காரைக்காலில் பிறந்தவர். உங்களைப் புதைத்த அன்றும் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். ஆனால் இரண்டாவதில் ஒன்றை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அன்று சிக்லோ என்னும் சைக்கிள் ரிக்ஷாவில் திரும்பினோம். பாதி வழியில் சாலையைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: “உப்பு எவ்ளோ போடணும்னு அந்த ஆளு கேக்கலியா தம்பி?”

“எந்த உப்பும்மா?” என்றேன்.

நீங்கள் தலையைத் திருப்பி, பின்னாலிருந்து மிதித்தவருக்குக் கையைக் காட்டி வழி சொன்னீர்கள். இடப்பக்கம் திரும்பு, அந்த மருந்துக்கடையைத் தாண்டு, பள்ளம் இருக்கிறது பார்த்துப் போ என்று, அவருடைய வியட்நாமிய மொழியில், ஒரு சொல்கூடத் தடுமாறாமல்.

மூன்றாவது எண்ணில் நான் எழுதியது தவறு, அம்மா.