நாற்பத்தொரு மில்லிவோல்ட்

மியூனிக்
12.11.1981

அன்புள்ள ஞானம்,

ஆறு வருஷமாக என் பொங்கல் வாழ்த்துக்குக்கூட நீ பதில் போட்டதில்லை. இந்தக் கடிதத்துக்காவது போடு. நட்புக்காக வேண்டாம், வேலைக்காக.

75-ல் டில்லியில் நாம் இருவரும் செய்த அலுமினியச் சோதனையை இங்கே மறுபடி செய்கிறேன். அதே முறைதான். ஒரு லேசர் தகட்டைச் சுட்டு உலோகத்தைப் பிளாஸ்மாவாகக் கிளப்புகிறது. பின்னாலேயே ரூபி லேசர் அதற்குள் புகுந்து போகிறது. பக்கவாட்டில் சிதறும் சிவப்பு வெளிச்சத்தை அளந்து, உள்ளே எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கிடுகிறோம். நம் ஆசிலாஸ்கோப்பில் அன்று 62 மில்லிவோல்ட் வந்தது. இங்கே கணக்குப் போட்டால் எலக்ட்ரான்கள் நாம் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறுகின்றன.

சோதனை நடந்த எஃகுச் சேம்பரின் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தையும் சேர்த்து எண்ணிவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. தகட்டைச் சுடாமல், ரூபியை மட்டும் ஓட்டி ஒரு வெறும் ஷாட் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். கிளம்பும் அவசரத்தில் நான் எடுக்கவில்லை. நான் விமானம் ஏறிய பிறகு நீ எடுத்தாயா? உன் நோட்டில் ஏதாவது இருக்கிறதா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். டில்லிக் குளிரில் உனக்கு மூச்சு இழுக்குமே.

என்றும் உன்,
வைத்தி


முனிர்கா, புது டில்லி
3.12.1981

மதிப்பிற்குரிய டாக்டர் வைத்தீஸ்வரன் அவர்களுக்கு,

தங்கள் ஏரோகிராம் வந்தது. என் மூச்சுக் குழாயைத் தாங்கள் நினைவில் வைத்திருப்பது நான் செய்த பாக்கியம்.

தங்கள் கட்டுரையின் கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். கண்ணாடி ஊதும் கலியனுக்கு ஒரு நன்றி, அவனுக்கு அடுத்து, 'லென்சுகளைச் சீர்செய்து உதவிய' எனக்கு ஒரு நன்றி. எட்டு மாதம் அந்த லேசரை நான்தான் ஓட்டினேன். கலியன் அந்த வரியை என்னைப் படித்துக் காட்டச் சொன்னான். 'நம்ம ரெண்டு பேரையும் ஒரே வரில போட்டுட்டாரே சார்!' என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு உங்கள் பெயர் போட்ட எதையும் நான் படிப்பதில்லை.

கேட்ட விஷயம். எடுத்தேன். வெறும் ஷாட்டில் ஒன்றும் தெரியவில்லை. கோடு நேராக ஓடியது. உங்கள் 62 சுத்தமான 62. கோளாறு ஜெர்மனியில்தான் இருக்க வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி இருக்கிறாள். ஜலஜா என்று பெயர். முப்பது வயது, கணவன் பாங்கில், வீடு ஜனக்புரியில், இரண்டு பஸ் மாறி வருகிறாள். அதே சேம்பரில், உங்கள் 62-ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு செம்பையும் ஈயத்தையும் அளக்கிறாள். வெறும் ஷாட் எடுக்கட்டுமா என்று அவளும் கேட்டாள். அதெல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று, லேசருக்கு இறக்குமதி செய்த ஃப்ளாஷ் விளக்கை வீணாக்காதே என்று சொல்லிவிட்டேன். உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் தும்மினாலும் எழுதிக்கொள்கிற ரகம்.

இங்ஙனம்,
லென்ஸ் துடைத்த,
சிவஞானம்


மியூனிக்
9.1.1982

அன்புள்ள ஞானம்,

இத்தனை வருஷம் நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நான் டைப் அடித்துக் கொடுத்த பிரதியில் உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. நம் பிரிவின் ஹெட், பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, நன்றியில் போடச் சொன்னார். என் விமான டிக்கெட் அவர் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஞானம், என்னை மன்னித்துவிடு.

வெறும் ஷாட் சுத்தம் என்று நீ சொன்னால் அது சுத்தம்தான். உன் கை எனக்குத் தெரியும். என் பக்கத்தில் இன்னும் தேடிப் பார்க்கிறேன்.

உன்,
வைத்தி


முனிர்கா
20.2.1984

வைத்தி,

டீக்கடை வரைக்கும் செய்தி வந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நீ டைரக்டராக வரப்போகிறாயாம். தேர்வுக் குழுவின் முன் உன் பெயர் ஒன்றுதான் இருக்கிறதாம்.

இத்துடன் ஒரு தாளின் நகல் வைத்திருக்கிறேன். அசல் நேற்றே பதிவுத் தபாலில் தேர்வுக் குழுவுக்குப் போய்விட்டது. தேதியைப் பார். 17.4.1975. நீ போய் ஐந்தாம் நாள். ரூபி மட்டும், தகடு சுடவில்லை, மூன்று ஷாட். 41, 40, 41 மில்லிவோல்ட்.

உன் 62-ல் 41 வெறும் சுவர். உன் பெயரை உலகத்துக்குச் சொன்ன எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு, கறுப்பு அரைகுறையாகப் பூசிய எஃகுச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்.

அன்று சாயங்காலமே உனக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பினேன், சத்தியமாக. போகிற வழியில் ஹெட் அறையில் உன் கட்டுரையின் கார்பன் பிரதி கிடந்தது. கடைசி வரியைப் படித்தேன். தந்தி ஆபீசுக்குப் போகவில்லை. நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஒன்பது வருஷம் வைத்திருந்தேன். நீ ஏற ஏற அதற்கு மதிப்பு ஏறியது. நீ மன்னிப்புக் கேட்டு எழுதினாயே, அன்றைக்கு அதை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். ஹெட் அடித்தாராம், நீ வாய் திறக்கவில்லையாம். அதைவிட நீயே அடித்திருந்தால் உன்னை மதித்திருப்பேன்.

இனிமேல் உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சிவஞானம்


மியூனிக்
14.3.1984

ஞானம்,

தேர்வுக் குழு அந்தத் தாளைப் பற்றி என்னிடம் கேட்டது. 1982 ஜூலையில் நான் வெளியிட்ட திருத்தத்தை அனுப்பிவைத்தேன். உன் பதில் வந்த பிறகும் இங்கே நான்கு மாதம் தேடினேன். பிழை இங்கே இல்லை, டில்லியில்தான். 62 தவறு, சுவர் வெளிச்சம் கலந்திருக்கிறது, பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று என் பெயரில் அச்சில் போட்டேன். உனக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். என் பெயர் போட்ட எதையும் படிப்பதில்லை என்று நீ எழுதியதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆகவே உன் தாளால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் அதன் மேல் உள்ள தேதி என்னைத் தூங்க விடவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. 81-ல் நான் கேட்டபோதும் தெரிந்திருக்கிறது.

போன மாதம் ஜலஜாவின் ஆய்வேடு மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்தது. ஐந்து வருஷ உழைப்பு, இருநூற்றுப் பத்துப் பக்கம். 88-ஆம் பக்கத்தில் அந்த 62. அதற்குப் பிறகு வரும் செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லாமே அதனால் தப்பு. உலகத்தில் இன்னும் அந்த எண்ணை நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான். என் திருத்தம் வந்த பத்திரிகையை உங்கள் நூலகம் 81-லேயே வாங்குவதை நிறுத்திவிட்டது. அவளுக்கு நீ சொன்னதுதான் தெரியும்.

இப்படியே என்னால் கையெழுத்துப் போட முடியாது. திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று அவளுக்கு நீயே சொல். உன் வாயால் சொன்னால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. ஏப்ரல் முடியும்வரை காத்திருக்கிறேன்.

வைத்தி


முனிர்கா
18.4.1984

வைத்தி,

உன் திருத்தம் வந்த கவர் பரணில் இருந்தது. நேற்று எடுத்துப் பிரித்தேன். தாளில் அழுக்குக்கூடப் படவில்லை.

நீ சொன்னபடி ஜலஜாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொன்னது இதுதான்: 'டாக்டர் வைத்தீஸ்வரனுக்கும் எனக்கும் பழைய பகை. என்னை ஒன்றும் செய்ய முடியாமல் உன் மேல் காட்டியிருக்கிறார்.'

முதலில் அவளுக்குப் புரியவில்லை. 'எனக்கும் அவருக்கும் என்ன சார்? நான் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாதே' என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். 'மாமியார் ஏற்கெனவே, பஸ் பாஸுக்குப் படிக்கிற பொண்ணுன்னு சொல்றா சார். அஞ்சு வருஷம். இனிமே அவ்வளவுதானா?' என்று அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன் என்பதையும் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் தாளின் நகலை அவளிடம் காட்டு பார்க்கலாம். அவள் உன்னை நம்புவாளா, ஐந்து வருஷமாகத் தினமும் பார்க்கிற என்னை நம்புவாளா?

சிவஞானம்


மியூனிக்
11.5.1984

சிவஞானம்,

உன் கடிதமும் ஜலஜாவின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. அவளுக்குத் தமிழ் எழுத வராதாம், இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள்.

பகை என்று நீ சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். ஆனாலும் பகையாளி எதைச் சாக்காகப் பிடித்திருப்பான் என்று யோசித்திருக்கிறாள். நீ லீவில் இருந்த சனிக்கிழமை, ஒரு ஃப்ளாஷ் விளக்கை வீணாக்கி, ரூபியை மட்டும் தனியாகச் சுட்டுப் பார்த்திருக்கிறாள். நாற்பத்தொன்று வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன். 'இது முழுக்க என் தவறு. சார் எப்போதோ எடுத்துப் பார்த்தபோது சுத்தமாகத்தான் இருந்தது. சேம்பரைத் துடைக்கும்போது நான்தான் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் சுவர் வெளிச்சத்தைக் கழித்து மறுபடி கணக்குப் போட்டு அனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சாரிடம் சொல்லாதீர்கள். என்னை நம்பி அந்த அறையின் சாவியைக் கொடுத்தவர். தெரிந்தால் மனம் உடைந்துபோவார்.'

திருத்திய பக்கங்களும் கூடவே இருந்தன. சரியாக இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சொல்லாதே என்றாள், சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் செய்யும் துரோகம் அது ஒன்றுதான். உன் தாளைப் பற்றி அவளிடம் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்லாதே. இனிச் சொல்வது உனக்கு ஆறுதலாகத்தான் இருக்கும், அந்த ஆறுதல் உனக்குக் கிடைக்கக் கூடாது. இது உன் கைக்கு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வந்து 'குட் மார்னிங் சார்' என்பாள். அவளை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்.

ஜூலை இரண்டாம் தேதி டைரக்டராகச் சேர்கிறேன். நமக்குள் இனிக் கடிதம் தேவைப்படாது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வரியில் உன் பெயர் இருக்கிறது. கலியன் உனக்குக் கீழே.

வைத்தீஸ்வரன்