கணவர் பெயருக்கான கட்டம்

இர்பித்
11 மார்ச் 2019

அன்பு நிறைந்த மைஸூன் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் லுஜைனும் இறைவன் கருணையால் நலம். அங்கே பனி இன்னும் விடவில்லை என்று சொன்னீர்களே, நெஞ்சுச்சளி குறைந்ததா? வெளியே போகும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படிவங்களை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். எங்கள் அகதிச் சான்றின் நகல், புகைப்படங்கள் எல்லாம் இந்த உறைக்குள் இருக்கின்றன. உங்களோடு சேர்ந்து, எங்களை அங்கே வரவழைத்து ஒரு வருடம் பொறுப்பேற்கும் மற்ற நான்கு பேருக்கும் என் சலாம் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற அந்த ஆசிரியை அம்மாள் எங்களுக்காக இப்போதே வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றதை லுஜைன் நம்பவே இல்லை. "முன்னப்பின்ன பாக்காதவங்களுக்கு ஒரு வருஷம் சோறு போடுறாங்களா? அவங்களுக்கு நம்மகிட்ட என்னம்மா வேணும்?" என்று கேட்டாள். உங்களிடமே கேட்கச் சொன்னேன்.

அவள் பள்ளியில் மதிய ஷிப்ட்தான் இன்னும். ஆங்கிலத்தில் மட்டும் முதலாவதாக வருகிறாள். நான் தையல் கூடத்துக்குப் போய்வருகிறேன். கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன்.

அக்கா, நீங்கள் போனில் சொன்னபடி நான் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும்.

திருமண நிலை என்ற இடத்தில் விதவை என்று எழுதச் சொன்னீர்கள். உங்கள் தம்பி முன்திரின் இறப்புச் சான்றை டமாஸ்கஸில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன் எப்படியாவது வாங்கித் தருவார் என்றீர்கள். காணாமல் போனவர் என்று எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும், மகளைக் கூட்டிப்போக அப்பாவின் சம்மதம் எங்கே என்பார்கள், காத்திருந்து காத்திருந்து அந்த நால்வரும் சோர்ந்துபோவார்கள் என்றீர்கள். எல்லாம் நியாயம்தான். நானும் தலையாட்டினேன்.

படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பியது லுஜைன். பக்கத்து வீட்டு உம்மு பாசிலும் உடன் இருந்தார். பாக்தாத்காரர், ஒன்பது வருடமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு, ஐந்து நாட்டுப் படிவங்களும் அவருக்கு மனப்பாடம். அந்தக் கட்டம் வந்ததும் நான் விதவை என்று எழுதச் சொன்னேன். லுஜைன் பேனாவை மூடி என் மடியில் வைத்தாள்.

"அப்பா செத்துட்டார்னு நான் எழுத மாட்டேன். நீயே எழுதும்மா."

எனக்கு ஆங்கில எழுத்து தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

உம்மு பாசில் தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். அவருடைய நாத்தனார் ஒருத்தி, சீக்கிரம் முடியட்டும் என்று காணாமல் போன கணவரைப் படிவத்திலிருந்து விட்டுவிட்டாள். புது நாடு போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து அந்த ஆள் அவர்கள் நாட்டு எர்பில் நகரத்தில் உயிரோடு வந்து நின்றார். கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பித்தாள். நீங்கள் அவரைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று மறுத்துவிட்டார்களாம். "பேர எழுதாம விட்டா, அந்த ஆளு அவங்க கணக்குல பொறக்கவே இல்லன்னு அர்த்தம், இப்திசாம். நீ கிளம்புற அவசரத்துல உன் புருஷன் மூஞ்சில கதவைச் சாத்திடாத" என்றார்.

அதனால் இப்படி எழுதியிருக்கிறோம்: மணமானவர். கணவர் முன்திர், 2013 அக்டோபரிலிருந்து எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தனியாக ஒரு வாக்குமூலமும் இணைத்திருக்கிறேன். டமாஸ்கஸ் போகும் பேருந்திலிருந்து சோதனைச் சாவடியில் இறக்கினார்கள், அதே பேருந்தில் வந்த நம் நவா ஊர்க்காரர் இருவர் பார்த்தார்கள், அவ்வளவுதான். பயணத்தின் காரணம் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. தண்ணீர் பம்புக்கு உதிரிப் பாகம் வாங்க என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை.

இன்னொன்று. போன மாதம் உங்கள் வீட்டில் முன்திருக்காகத் துக்கம் அனுசரித்தீர்களாம். யாரோ போட்ட படத்தை லுஜைன் போனில் பார்த்தாள். கசப்புக் காபிக் கோப்பைகள், ஓதுகிற பெண்கள், சுவரில் முன்திர் படம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் என்னைக் குடைந்தாள். எனக்குக் கோபம் இல்லை. தம்பிக்காக அழ உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்களுக்கு ஏதாவது செய்தி வந்து அதை என்னிடம் மறைத்திருந்தால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அப்போது இந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு, விதவை என்று எழுத நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன்.

ஒன்றும் தெரியாது என்றால், உங்கள் தரப்புப் படிவத்திலும் அவர் பெயரை எழுதுங்கள். இரண்டு தாளும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

இறைவன் உங்களுக்கு நல்ல உறக்கம் தரட்டும்.

இப்திசாம்


இர்பித்
3 அக்டோபர் 2021

அன்புள்ள மைஸூன் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். விசா வந்துவிட்டது; நவம்பர் ஒன்பதாம் தேதி விமானம். போனில் நேற்றே கத்திச் சொன்னாள் உங்கள் மருமகள் லுஜைன், ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுத வேண்டும்போல் இருந்தது.

நேர்காணல் நடந்த விதத்தைக் கேட்டீர்கள். அம்மானில், காலையில், இரண்டு மணி நேரம். அதிகாரி ஓர் இளம் பெண். என் வாக்குமூலத்தை வரி வரியாகக் கேட்டார். யார் பார்த்தது, இறக்கியவர்கள் போட்டிருந்தது என்ன உடை, ஏன் புகார் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்தப் பெண் நேராக என்னைப் பார்த்துக் கேட்டதை அவர் அப்படியே சொன்னார்: "உங்க புருஷன் உயிரோட இருக்காருன்னு நினைக்கிறீங்களா?"

"தெரியாது. தெரியாதுன்னுதான் எழுதியிருக்கேன்" என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்து லுஜைனிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டார். மருந்தாளுநர் படிப்பு என்றாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மருத்துவப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முடிந்தன. இரண்டரை வருடம் அந்த நால்வரில் ஒருவர்கூட விலகவில்லை. உம்மு பாசில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "அந்த ஊர்ல எனக்கும் அஞ்சு பைத்தியக்காரங்களப் புடிச்சு வை" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை அக்கா. அந்த ஆசிரியை அம்மாளிடம் பேசிப் பாருங்கள்.

என் முந்தைய கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். எந்தச் செய்தியும் வரவில்லை, தெரியாமலே இருப்பதைத் தாங்க முடியாமல்தான் துக்கம் அனுசரித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில், என் பல்கலைக்கழகச் சான்றிதழை வாங்கத்தானே அவன் டமாஸ்கஸ் போனான், அதை ஏன் வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டாய் என்றும் கேட்டிருந்தீர்கள். இத்தனை நாள் அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நேரில் பார்க்கும்முன் சொல்லிவிடுகிறேன்.

அதற்காகப் போகவில்லை என்று பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். அதற்கும்தான் போனார். பம்புச் சாமானும் வாங்க வேண்டியிருந்தது. பாதை சரியில்லை, ஒரு வாரம் பொறுங்கள் என்று நான் தடுத்தேன். "அக்கா அங்க பாத்திரம் கழுவிட்டு இருக்கா, படிச்சது வீணாகுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். நான் சொல்லியே நிற்காதவர், நீங்கள் வேண்டாம் என்றிருந்தால் நின்றிருப்பாரா? எழுதாமல் விட்டது, அந்தத் தாளை உங்கள் நண்பர்கள் எல்லோரும் படிப்பார்கள் என்பதால்தான். வேறொன்றும் இல்லை.

குளிர்ச் சட்டை அளவு கேட்டீர்கள். லுஜைன் உங்களைவிட உயரம் இப்போது. எனக்கு எதுவானாலும் போதும். எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய் மக்தூஸ் ஒரு ஜாடி போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெய் கசியாமல் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன்.

விமான நிலையத்துக்கு எல்லோரும் வருவார்கள் என்றீர்கள். என்னைச் சுற்றி நின்று முன்திரைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு அவர்கள் பேச்சு புரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. "என் தம்பி நல்லவனாக இருந்தான்" என்று சொல்லாதீர்கள். "நல்லவன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள், போதும்.

இறைவன் நம்மை நல்லபடியாகச் சேர்த்து வைக்கட்டும்.

உங்கள் தம்பியின் மனைவி,
இப்திசாம்